வீட்டை விற்பனைக்குப் படம் எடுக்கும் முன்: வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் மறுவிற்பனைக்கு வரும் ஃபிளாட்டுகளையும் தனி வீடுகளையும் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். தேதி குறித்த மறு நிமிடமே வீட்டுக்காரர்கள் ஆரம்பித்துவிடுவார்கள்: அதை எடுத்து வைக்கவா, இதைத் துடைக்கவா, மொட்டை மாடிக்கும் வருவீர்களா? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படம் எடுக்கும் முன் பெயிண்ட் அடிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வாங்குகிறவர் எப்படியும் கிரகப்பிரவேசத்துக்கு முன் தன் இஷ்டத்துக்கு அடித்துக்கொள்வார். அந்தக் காசில் பத்தில் ஒரு பங்கை வைத்து வேறு சில வேலைகளைச் செய்யுங்கள். ஸ்விட்ச் போர்டைச் சுற்றி இருக்கும் கைக்கறை, கட்டில் தலைமாட்டில் சுவரில் படிந்த எண்ணெய்க் கறை, கதவுக் கைப்பிடியைச் சுற்றிய கறுப்பு எல்லாம் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணிக்கே பாதி போய்விடும். ஃபேன் இறக்கைகளைத் துடைத்துவிடுங்கள். எரியாத பல்புகளை மாற்றுங்கள். மூன்று விளக்கில் ஒன்று எரியாத அறை, சுவர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் படத்தில் பழைய வீடாகத்தான் தெரியும்.

ஹாலில் எதை எடுக்கலாம், எதை விடலாம்?

தரை எவ்வளவு தெரிகிறதோ, ஹால் அவ்வளவு பெரிதாகத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று ஒருமுறை பாருங்கள். துணி காயப்போடும் டிரெட்மில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், பழைய பேப்பர் கட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அதன் வயர்களும், சோபா மேல் விரித்த துண்டு எல்லாம் கிளம்ப வேண்டியவை. சோபாவை எடுக்க வேண்டாம். அது சுவரை ஒட்டியிருந்து நடக்கும் வழியை மறித்தால் மட்டும் ஓரடி ஈரடி நகர்த்தினால் போதும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அது வீடு மாதிரி இருக்காது, கல்யாண மண்டபத்தின் அறை மாதிரி இருக்கும்.

கதவுக்குப் பின்னாலும் பாருங்கள். அறை முழுதும் தெரிய வேண்டும் என்றால் கேமராவும் நானும் மூலையில்தான் நிற்க வேண்டும். அந்த மூலையில்தான் எல்லா வீட்டிலும் துடைப்பமும் இஸ்திரி மேசையும் இருக்கும்.

அப்புறம், தினசரி காலண்டர். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நங்கநல்லூரில் ஒரு ஹாலை எடுத்தபோது டிவி பக்கத்தில் தொங்கிய காலண்டரை நானும் கவனிக்கவில்லை, வீட்டுக்காரரும் கவனிக்கவில்லை. நாலு மாதம் கழித்துப் பார்க்க வந்த ஒருவர், போனில் படத்தை விரலால் பெரிதாக்கி, தாளில் இருந்த தேதியைக் காட்டி, "இவ்வளவு நாளா விக்காம இருக்கே சார், என்ன விஷயம்?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தாராம். மற்றபடி அந்தப் படத்தில் ஒரு குறையும் கிடையாது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் காலண்டரைக் கழற்றி கட்டில்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பையைத் திறக்கிறேன்.

கிச்சனில் என்ன செய்வது?

மேடையைக் காலி செய்யுங்கள். எண்ணெய் பாட்டில், பாத்திரம் தேய்க்கும் நார், கைப்பிடித்துணி, கழுவிக் கவிழ்த்த பாத்திரக் கூடை, ஃபிரிட்ஜ் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அட்டைப்பெட்டிகள் எல்லாம் அலமாரிக்குள் போகட்டும். மிக்ஸி ஓரமாக இருக்கலாம். கிரைண்டர் மேடையில் பாதியை அடைத்துக்கொள்ளும், இறக்கிவிடுங்கள். சிலிண்டர் மேடைக்கு அடியில் இருந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். அந்தச் சிவப்பு நிறம் படத்தில் எங்கே இருந்தாலும் கண் அங்கேதான் போகும்.

கிரானைட்டைத் துடைத்த பிறகு உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். ஈரக் கோடு வெளிச்சத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

வரிசையாக நிற்கும் காலி 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் "இங்கே தண்ணீர் சரியில்லை" என்று வாய்விட்டே சொல்லும். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை பால்கனிக்கு நகர்த்துங்கள். ஆனால் வருகிறவர் மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். குழாயைத் திறந்தால் தெரியப்போகிற விஷயம்தானே.

பாத்ரூமையும் எடுக்க வேண்டுமா?

ஆமாம். பாத்ரூம் படம் இல்லாத விளம்பரத்தைப் பார்த்தால் நானே சந்தேகப்படுவேன். வாளி, மக், பிரஷ், ஷாம்பு சாஷே எல்லாம் வெளியே. டாய்லெட் மூடி கீழே. தரை காய்ந்திருக்க வேண்டும், அதனால் எல்லோரும் காலையிலேயே குளித்து முடித்துவிடுங்கள். போர் தண்ணீரால் குழாயில் வெள்ளையாகப் படியும் உப்புக்கு, வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றிவைத்துத் தேய்த்தால் போதும். ஆனால் மார்பிளிலும் மொசைக்கிலும் வினிகரோ ஆசிடோ படக்கூடாது. உப்புக்கறை போய்விடும், தரையின் பளபளப்பும் கூடவே போய்விடும்.

பூஜை அறையைப் படம் எடுக்கலாமா?

அது உங்கள் வீட்டு வழக்கம். சிலர் சாமி படங்கள் இணையத்தில் போவதை விரும்ப மாட்டார்கள். அப்படியென்றால் கதவைச் சாத்திக் கதவை மட்டும் எடுக்கிறேன். ஆனால் தனி பூஜை அறை இருப்பது நம் ஊரில் பலருக்கு முக்கியமான விஷயம், முடிந்தால் காட்டுவது நல்லது. வாடிய பூவை எடுத்துவிடுங்கள், ஊதுபத்தி ஸ்டாண்டின் சாம்பலைத் துடையுங்கள். வாசலில் காய்ந்துபோன மாவிலைத் தோரணமும் சுருங்கிய எலுமிச்சம்பழமும் இருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள். கோலம் அன்று காலை போட்டது என்றால் அழகு. நேற்றைய கோலம் பாதி மிதிபட்டுக் கிடந்தால் கழுவிவிடுங்கள்.

எந்த நேரத்தில் எடுத்தால் நல்லது?

இதற்கு ஒரே பதில் கிடையாது. வீடு எந்தப் பக்கம் பார்த்தது, எந்த மாதம் என்று இரண்டையும் சொன்னால்தான் நான் நேரம் சொல்ல முடியும்.

கிழக்கு பார்த்த வீடு என்றால் காலை 7 முதல் 9 வரை முகப்பில் நேர் வெயில் விழும். மேற்கு பார்த்ததற்கு மாலை 4 மணிக்கு மேல். இதுவரை எல்லோருக்கும் தெரியும். வடக்கு பார்த்த வீட்டில்தான் குழப்பம். சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடபக்கம் சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தென்பக்கம். மே, ஜூனில் சூரியன் உதிப்பதும் கிழக்கிலிருந்து வடக்கே ஒதுங்கித்தான். வடக்கு பார்த்த முகப்புக்கு அப்போது காலையில் சாய்வாக நல்ல வெயில் கிடைக்கும். அதே வீட்டை மார்கழியில் எடுக்கப் போனால் நாள் முழுக்க முகப்பு நிழலில்தான் இருக்கும், சூரியன் வீட்டுக்குப் பின்னாலிருந்து லென்ஸுக்குள் அடிக்கும். மெல்லிய மேகம் போட்ட காலைக்காகக் காத்திருப்பதுதான் வழி. தெற்கு பார்த்த வீட்டுக்கு இதெல்லாம் அப்படியே தலைகீழ்.

உள்ளே எடுக்க, பெரும்பாலும் காலை 9 முதல் 11 வரை எனக்குப் பிடித்த நேரம். வெளிச்சம் போதுமான அளவு வந்திருக்கும், ஜன்னல் வழியே தரையில் கட்டம் கட்டமாகக் கொளுத்தாது.

முகப்பை அந்தி நேரத்தில், உள்ளே விளக்குகள் எரிய எடுப்பது அழகாக இருக்கும். ஆனால் நம் ஊர் அந்தி சட்டென்று இருட்டிவிடும். வானம் நீலமாக நிற்பது இருபது நிமிடம்தான். நவம்பர் கடைசியில் சூரியன் 5.40க்கே மறையும், ஜூலை ஆரம்பத்தில் 6.35 தாண்டும். அதற்கு முன்பே கேமராவை நிறுத்தித் தயாராக இருக்க வேண்டும்.

ஈ.பி. அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை உங்கள் ஏரியாவில் கரண்ட் இருக்காது என்றால், நான் வந்து உங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

எல்லா விளக்கையும் போட வேண்டுமா?

ஒரே நிறம் என்றால் போடலாம். பல வீடுகளில் ஹாலில் வெள்ளை டியூப்லைட், ஃபால்ஸ் சீலிங்கில் மஞ்சள் விளக்கு, டிவி யூனிட்டில் நீலப் பட்டை விளக்கு என்று மூன்றும் இருக்கும். நம் கண் சமாளித்துக்கொள்ளும், கேமரா சமாளிக்காது. ஒரு சுவர் நீலமாகவும் இன்னொன்று மஞ்சளாகவும் வரும். ஒரு அறைக்குள் எல்லா பல்பும் ஒரே நிறத்தில் இருக்கும்படி மாற்றுங்கள். பல்பு அட்டையில் 3000 கெல்வின் என்றிருந்தால் மஞ்சள், 6500 என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை. நீலப் பட்டையை அணைத்தே விடுங்கள்.

ஃபேன் ஓடலாமா?

வேண்டாம். ஒரே காட்சியை வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று அல்லது ஐந்து படமாக எடுத்து ஒன்றாகச் சேர்ப்போம். ஓடும் ஃபேன் அதில் புகை மாதிரி வரும். வியர்க்கும்தான், அறைக்குப் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. ஓடட்டும்.

எடுத்த சாமானை எல்லாம் எங்கே வைப்பது?

ஒரு பெட்ரூமில் போட்டுப் பூட்டிவிட்டு, "அது மட்டும் வேண்டாம் சார்" என்று சொல்பவர்கள் நிறைய. 2 பெட்ரூம் வீட்டில் ஒன்றின் படம் இல்லை என்றால் வாங்குகிறவர் அங்கே ஏதோ இருக்கிறது என்றுதான் நினைப்பார். கார் டிக்கி, பக்கத்து வீடு, மொட்டை மாடிப் படிக்கட்டு என்று எதையாவது பிடியுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் சொல்லுங்கள், ஒரு அறையை முடித்துவிட்டு சாமானை அதற்குள் மாற்றி அடுத்ததை எடுப்போம். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். வழக்கமாக 2 பெட்ரூம் ஃபிளாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

ஈரக் கசிவு இருக்கிறது. பீரோவை நகர்த்தி மறைத்துவிடலாமா?

இந்தக் கேள்வியைப் பாதிப் பேர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். மீதிப் பேர் கேட்காமலேயே நகர்த்தி வைத்திருப்பார்கள்.

நான் போட்டுக்கொண்டிருக்கும் கோடு இதுதான்: வீட்டைக் காலி செய்யும்போது உங்களோடு கிளம்பப்போவதை எல்லாம் படத்திலிருந்து எடுக்கலாம். வீட்டோடு தங்கப்போவதை மறைக்கக்கூடாது. கொடியில் தொங்கும் துணி உங்களோடு வரும். கூரையின் விரிசல் வராது.

இதில் நியாயம் ஒரு பக்கம், சட்டமும் இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். சுவர்க் கசிவை ஒவ்வொரு படத்திலும் பெரிதாக்கிக் காட்டச் சொல்லவில்லை. அறையை வழக்கமான இடத்தில் நின்று எடுக்கும்போது அது தெரிந்தால் தெரியட்டும். சரிசெய்ய முடிந்தால், மேல்தளத்தில் வாட்டர்ப்ரூஃபிங் செய்துவிட்டு, அப்புறம் கூப்பிடுங்கள். வெறும் சுண்ணாம்பை மேலே பூசிவிட்டுக் கூப்பிட்டால் ஐப்பசி மழைக்கு அது மறுபடி முகம் காட்டும், பெரும்பாலும் வாங்குகிறவர் பார்க்க வரும் நாளில்.

வெள்ளம் வந்த ஏரியா என்றால் இன்னும் நேராகப் பேசுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் பிறகு வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் யார் வந்தாலும் "தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. தெருவை விட வீட்டின் தரைமட்டம் எத்தனை படி உயரம் என்று காட்டும் ஒரு படம் அங்கே ஹால் படத்தைவிட உதவும்.

எதிரே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரை எடிட்டிங்கில் அழித்துவிட முடியுமா?

முடியும், செய்ய மாட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருமுறை செய்தேன். படம் பார்த்து ஒரு குடும்பம், பாட்டி வரைக்கும் ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தது. கேட்டுக்கு வெளியே நின்று டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள், மறுபடி டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தார்கள். உள்ளேயே வரவில்லை. வீட்டுக்காரர் அம்மா பில்டர் காபிக்கு டிக்காக்ஷன் இறக்கி வைத்திருந்தார். அந்த வீட்டில் அவர்கள் ஒதுங்கிப்போக வேறு காரணமே இல்லை.

வெளிச்சம் சரிசெய்வது, சாய்ந்த சுவரை நிமிர்த்துவது, அன்று தற்செயலாக நின்ற குப்பை வண்டியை நீக்குவது எல்லாம் சரி. காலி அறையில் கம்ப்யூட்டரில் சோபா வரைந்து போடுவதும் சரி, "அறைகலன் கற்பனை" என்று படத்திலேயே எழுதியிருந்தால்.

வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் அவர்களிடம் கேளுங்கள். சாவி உங்களிடம் இருக்கிறது என்பதற்காகத் திடீரென்று என்னைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வீடு உங்களுடையது, உள்ளே இருக்கும் வாழ்க்கை அவர்களுடையது. இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லி, அவர்களுக்கு வசதியான நேரத்தைக் குறித்து, சுத்தம் செய்ய ஆள் அனுப்பும் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் நன்றாக ஒத்துழைப்பார்கள். அவர்கள் சாமி படமும் குழந்தை போட்டோவும் தெரியாதபடி எடுப்பேன்.

வீடு காலியாக இருக்கிறது. அப்படியே எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் காலி அறை எவ்வளவு பெரிது என்று படத்தில் யாராலும் மட்டுக்கட்ட முடியாது. ஒரு நாற்காலி, ஒரு கட்டில் இருந்தால் கண் அளவு பிடித்துக்கொள்ளும். பழைய குடியிருப்பாளர் பல்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருப்பார், பார்த்து மாட்டுங்கள். மூடிக்கிடந்த வீட்டில் புறா எச்சமும் செத்த கரப்பானும் கட்டாயம் இருக்கும்.

போனிலேயே நாங்கள் எடுத்தால் போதாதா?

வாடகைக்குத் தாராளமாகப் போதும். போனைக் கண் உயரத்தில் பிடிக்காமல் நெஞ்சுயரத்துக்கு, ஏறக்குறைய நாலரை அடிக்கு, இறக்குங்கள். மேலும் கீழும் சாய்க்காதீர்கள். கதவுச் சட்டம் படத்தின் ஓரத்துக்கு இணையாக நேராக நின்றால் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். 0.5 என்று இருக்கும் அகல லென்ஸைக் குறைவாகப் பயன்படுத்துங்கள். பத்துக்குப் பத்து பெட்ரூம் கிரிக்கெட் மைதானம் மாதிரி வரும், நேரில் வந்தவர் முகம் சுருங்கும். எடுத்த படத்தை புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போது படத்தோடு எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகும் என்பதால், எடுக்கும் முன் கேமரா செட்டிங்கில் லொக்கேஷனை அணைத்துவிடுங்கள்.

வெளியே என்னென்ன எடுப்பீர்கள்?

முகப்பு, லிஃப்ட், படிக்கட்டு, உங்கள் கார் பார்க்கிங், மொட்டை மாடி, தெரு. அசோசியேஷன் செயலாளரிடமும் வாட்ச்மேனிடமும் முதல் நாளே சொல்லி வையுங்கள். பார்க்கிங்கில் உங்கள் காரை நிறுத்தியே வையுங்கள், எந்த அளவு கார் நுழையும் என்று ஒரே பார்வையில் தெரியும். ட்ரோன் ஃபிளாட்டுக்கு வீண் செலவு. தனி வீடு, மனை என்றால் யோசிக்கலாம். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பறக்கும் பகுதிகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருக்கும் ஊரில் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் இந்தப் பகுதிகளைக் காட்டும் வரைபடத்தைப் பார்க்காமல் எதையும் மேலே அனுப்ப முடியாது.

படத்தில் தெரியக்கூடாதவை எவை?

பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் அடையாள அட்டையும், கார் நம்பர், மேசைமேல் கிடக்கும் ஈ.பி. அட்டை, பத்திர நகல், மருந்துச் சீட்டு, சாவிக்கொத்து, பீரோ லாக்கர். குடும்பப் படங்களையும் கழற்றிவிடச் சொல்வேன். ஆணி தெரிந்தால் பரவாயில்லை.

விற்ற பிறகு படங்கள் என்ன ஆகும்?

யாரும் கேட்காத கேள்வி, நானே சொல்லிவிடுகிறேன். மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், நோபுரோக்கர் என்று எங்கெல்லாம் போட்டீர்களோ அங்கெல்லாம் விளம்பரத்தை நீக்குங்கள், படம் வாங்கிய ஒவ்வொரு புரோக்கரிடமும் சொல்லுங்கள். விற்றுப்போன வீட்டின் படங்களை எடுத்துப் போட்டு, குறைந்த வாடகை என்று ஆசைகாட்டி, வீட்டைக் காட்டாமலேயே அட்வான்ஸ் கறக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஏமாந்தவர் கடைசியில் வந்து காலிங்பெல் அடிப்பது உங்களிடம் வீடு வாங்கியவரின் வாசலில். அதனால் பத்திரப்பதிவு முடிந்த அன்றே செய்ய வேண்டிய வேலைகளில் இதையும் எழுதி வையுங்கள், ஈ.பி. பெயர் மாற்றத்துக்கு அடுத்த வரியில்.